ஒரு 'வா'வுக்கு வந்த இரண்டு பேர்

சைக்கிளில் வருகிற ஒருவர் உங்களைப் பார்த்து "வர்றேன்" என்று சத்தமாகச் சொன்னால், பதிலுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஒடுகத்தூர் ரைஸ் மில் முனையில் ஏட்டு ஆரோக்கியநாதன் இந்தக் கேள்வியைக் கேட்டபோது அங்கே பதினாறு பேர் நின்றிருந்தார்கள். இதை எழுதுகிற நானும் அதில் ஒருவன். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்த பதில் ஒன்று இருந்தது. அந்தப் பதிலால்தான் தேவயானியின் கை உடைந்திருந்தது.

தேவயானிக்கு முப்பத்தேழு வயது. ஜமுனாமரத்தூருக்கு ஏறுகிற மலைப்பாதையில் வளர்ந்தவர். ஊரில் வளர்ந்தவர் என்று சொல்ல முடியாது, பாதையில்தான். அவருடைய அப்பா கருப்பன் ரோடு வேலைக்காரர். மழையில் சரிகிற கல்லை ஒதுக்குவதும், குழி அடைப்பதும், ஓரத்துப் புல்லைச் சீவுவதும் அவர் வேலை. வளைவு ஒன்றை ஒட்டி அவர்களுக்கு ஓட்டு வீடு. வீட்டுக்கு ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் ஒன்றும் இல்லை.

அந்தப் பாதையில் வளைவுக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பஸ்ஸுக்கு ஹாரன் இருக்கிறது. சைக்கிளுக்கும் மணி இருக்கிறது, ஆனால் அதன் சத்தம் பாறையைத் தாண்டாது. அதனால் அங்கே வேலை பார்த்தவர்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். சைக்கிளில் வருகிறவர் வளைவுக்கு முன்பே "வர்றேன்" என்று கத்த வேண்டும். அந்தப் பக்கம் புல் சீவிக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்றால் "வா" என்பார். வண்டி வந்தால் "இரு" என்பார். பதிலே வரவில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. தேவயானி பத்து வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டபோது, பெடலை மிதிக்கக் கற்றதற்கு முன்பே இதைக் கற்றுக்கொண்டார். அவருடைய சைக்கிளில் மணி இருந்தது. அது ஒரு மழைக்காலத்தில் கழன்று, வீட்டின் ஒன்றும் இல்லாத பக்கமாகப் போய்விட்டது. யாரும் அதைத் தேடவில்லை.

இருபது வயதில் அவருக்கும் ஒடுகத்தூரில் கொத்தனார் வேலை பார்க்கும் அருளுக்கும் கல்யாணம் ஆனது. அவர் மலையிலிருந்து இறங்கி வந்தார். பிள்ளைகள் பெரியவர்களாகும் வரை சைக்கிளைத் தொடவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்புதான் பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் ஆதிநாராயணன் மாஸ்டரிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

அது தையல் வேலை இல்லை. மாஸ்டர் கடையில் மெஷினில் தைத்து முடித்த ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைக்க வேண்டும், கையால் ஓரம் மடித்து எம்மிங் போட வேண்டும். அதை ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் பதினோரு வீட்டுப் பெண்கள் செய்கிறார்கள். காலை எட்டு மணிக்குள் துணியை அவர்கள் கையில் சேர்த்துவிட்டு, சாயங்காலம் முடித்த துணியை வாங்கிக்கொண்டு கடைக்கு வர வேண்டும். அந்தத் தெருக்கள் குறுகல். நடந்து போனால் எட்டு மணி பத்து மணியாகிவிடும். அதனால் மாஸ்டர் சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஆளைத் தேடினார். தேவயானிக்குத் தெரியும்.

பஜார் ரோட்டில் சைக்கிள் ஓட்டுவது மலையில் ஓட்டுவதைவிடக் கஷ்டம் என்று முதல் வாரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. மலையில் ஒரு பக்கம்தான் பள்ளம். இங்கே எல்லாப் பக்கமும் ஆட்கள். அவர் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். நிற்கிற பஸ்ஸின் இடது பக்கம் நுழையவே கூடாது, ஏனென்றால் பஸ் எந்த நேரமும் இடது பக்கம்தான் ஒதுங்கும். வருகிற வண்டி திரும்புமா திரும்பாதா என்று தெரிய வேண்டுமென்றால் டிரைவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. முகம் போனில் பேசிக்கொண்டிருக்கும். முன் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். வரிசையாக நிற்கும் ஆட்டோக்களை ஒட்டிப் போகக் கூடாது, ஒரு கை தூரம் தள்ளித்தான் போக வேண்டும். இந்தக் கடைசிப் பாடத்தை அவருக்குக் கொடுத்தவர் ஆட்டோ டிரைவர் லியோ. லியோ ஆட்டோவிலிருந்து இறங்கும்போது முதலில் காலை வெளியே வைப்பார், பிறகு உடம்பு வரும், கண் கடைசியாகத்தான் வரும். இரண்டு தடவை அந்தக் காலில் மோதப் பார்த்த பிறகு தேவயானி ஒரு கை தூரம் தள்ளிப் போனார். அப்படிப் போனால் பின்னால் வருகிறவர்கள் நடு ரோட்டில் போகிறாள் என்று திட்டுவார்கள். திட்டுகிறவர்கள் நம்மைப் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம், அது நல்லது என்று தேவயானி எடுத்துக்கொண்டார்.

மாஸ்டர் கடையில் மிச்சமான ஆரஞ்சுத் துணி ஒன்றைக் கேரியரில் கட்டிக்கொண்டார். தூரத்தில் வரும்போதே தெரியும். லியோ அதைப் பார்த்து, "இன்னாக்கா, எந்தக் கட்சி?" என்று கேட்டார்.

"ஜாக்கெட் கட்சி," என்றார் தேவயானி.

எல்லாவற்றுக்கும் மேலே, முனைக்கு முனை அவர் "வர்றேன்" என்று சத்தம் கொடுத்தார். அது பழக்கம். வாயிலிருந்து தானாக வந்தது.

இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கீழே ஊரில் "வர்றேன்" என்று சொல்கிறவர் வருகிறவர் இல்லை, போகிறவர். விருந்துக்கு வந்தவர் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்ல மாட்டார், "போய்ட்டு வர்றேன்" என்பார். அவசரத்தில் "வர்றேன்" என்று மட்டும் சொல்வார். கேட்டவர் "வா" என்றோ "போய்ட்டு வா" என்றோ சொல்லி அனுப்புவார். அதனால் தேவயானி முனைகளில் "வர்றேன்" என்று சொல்லிக்கொண்டு போனபோது, அருளின் மனைவி ரொம்ப மரியாதை தெரிந்தவர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். முனைக்கு முனை சொல்லிக்கொண்டு போகிறாரே என்று சில பெண்கள் தங்கள் மருமகள்களிடம் எடுத்துச் சொன்னார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் "வாம்மா" என்றார்கள். வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் "வா வா" என்றார்கள்.

தேவயானிக்கும் இந்த ஊர்க்காரர்கள் மேல் நல்ல மதிப்பு வந்தது. மலையில் கூட ஒரு வளைவில்தான் ஆள் இருப்பார், மறு வளைவில் இருக்க மாட்டார். இங்கே ஒவ்வொரு முனையிலும் யாரோ ஒருவர் தனக்காக ரோட்டைப் பார்த்து "வா" சொல்கிறாரே என்று நினைத்தார். இப்படி நான்கு வருடம் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் உயர்வாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மற்ற முனைகளில் இதனால் ஆபத்து இல்லை. அங்கே ரோடு திறந்து கிடக்கும், தேவயானியே பார்த்துக்கொள்வார். ரைஸ் மில் முனை அப்படி இல்லை. மில்லின் மதில் முனை வரைக்கும் நீண்டிருக்கும். மதிலை ஒட்டி நெல் லாரி நிற்கும். தெருவிலிருந்து வருகிறவருக்கு மெயின் ரோடு தெரியாது, மெயின் ரோட்டில் வருகிறவருக்குத் தெரு தெரியாது. இரண்டையும் பார்க்க முடிந்த ஒரே ஆள் மதில் முனையில் அவித்த வேர்க்கடலை விற்கும் பூங்கோதை. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். குரல் கணீரென்று இருக்கும். தேவயானி மற்ற எந்த 'வா'வையும்விட அவருடைய 'வா'வைத்தான் நம்பினார். அந்த 'வா' கேட்டால் நிற்காமல் மிதிப்பார்.

போன வருடம் ஆடி மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. ஆவணி முகூர்த்தத்துக்கான ஜாக்கெட்டுகள் குவிந்திருந்ததால் மாஸ்டர் முதல் நாள் சாயங்காலமே துணியைக் கொடுத்து அனுப்பியிருந்தார். காலையில் அதை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே முடிந்திருந்த நாற்பத்திரண்டு ஜாக்கெட்டுகளை இரண்டு மஞ்சள் பைகளில் மாட்டிக்கொண்டு தேவயானி பஜாருக்குத் திரும்பினார். மணி ஏழரை.

அதே நேரம் மெயின் ரோட்டில் சைலஸ் வந்துகொண்டிருந்தார். ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிப் போகும் வேனின் டிரைவர் அவர். அவருக்கு வயது நாற்பது. கம்பெனி கேட் எட்டரைக்கு மூடிவிடும். வேனில் கூட வந்த கிளீனர் இரண்டு மாதத்துக்கு முன்பு நின்றுவிட்டார், வேறு ஆள் போடவில்லை. கிளீனர் இருந்தவரை குறுகலான இடங்களில் இறங்கி நின்று "வா, வா, வா" என்று சொல்வார், சைலஸ் திருப்புவார். இப்போது சொல்ல ஆள் இல்லை. அன்று ரைஸ் மில் தெருவில் ஏற வேண்டிய ஒரு பெண் எங்கே நிற்கிறார் என்று கேட்பதற்காக அவர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

தெருவிலிருந்து தேவயானி, "வர்றேன்" என்றார்.

பூங்கோதை கடலைப் பானையிலிருந்து தலையை எடுக்காமல், "வா," என்றார்.

தேவயானி மிதித்தார். சைலஸ் ஸ்டியரிங்கைத் தெருவுக்குள் திருப்பினார்.

வேனின் இடது மூலை சைக்கிளின் முன் சக்கரத்தில் இடித்தது. தேவயானி வலது கையை ஊன்றி விழுந்தார். நாற்பத்திரண்டு ஜாக்கெட்டுகளும் முனை முழுவதும் பரவின. வேனில் இருந்த பெண்கள் கத்திக்கொண்டே இறங்கினார்கள். இரண்டு பேர் தேவயானியைத் தூக்கி உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் ஜாக்கெட்டுகளைப் பொறுக்கினார்கள். அதில் ஒரு பெண், "இது என்னோடதுபா," என்று ஒன்றை எடுத்து மண்ணைத் தட்டினார். அவருடைய நாத்தனார் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்தது. கொக்கி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொண்டார்.

லியோ தன் ஆட்டோவில் தேவயானியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மணிக்கட்டு எலும்பு உடைந்திருந்தது. மாவுக்கட்டு போட்டு ஐந்து வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

மாஸ்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். நல்ல மனிதர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கையைப் பார்த்தார்.

"அஞ்சு வாரம் நான் எப்பிடியோ சமாளிச்சுக்கறேன்மா. அதுக்கு மேல எவனாவது வண்டி வச்சினு கீறவனைத்தான் போடணும். தப்பா எடுத்துக்காத."

"இல்ல மாஸ்டர். அஞ்சு வாரத்துல வந்துர்றேன்."

"சைக்கிள்லயா?"

"சைக்கிள்லதான்."

அருள் அப்போது அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

ஒரு வாரம் கழித்து ஏட்டு ஆரோக்கியநாதன் எல்லோரையும் முனைக்கு வரச் சொன்னார். எங்கே நடந்ததோ அங்கேயே வைத்து விசாரித்தால்தான் விஷயம் விளங்கும் என்பது அவர் வழக்கம். டீ சொன்னார். வேடிக்கை பார்க்க ஆட்கள் சேர்ந்தார்கள்.

"ஹாரன் அடிச்சியா?" என்று சைலஸைக் கேட்டார்.

"இல்லீங்க ஏட்டய்யா."

"ஏன்?"

"போன்ல சத்தம் கேக்காதுங்க."

ஏட்டு அதை எழுதிக்கொண்டார். "ரோட்டப் பார்த்தியா?"

"பார்க்க முடியாதுங்களே. லாரி நிக்குது."

"அப்பறம் இன்னா தைரியத்துல திருப்பின?"

"வான்னாங்க."

"யாரு?"

சைலஸ் பூங்கோதையைக் காட்டினார். பூங்கோதை முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"தே, உன்னை எவன் வான்னான்? நான் இந்தப் பொண்ணைச் சொன்னேன்பா."

"எனக்கு எப்பிடிக்கா தெரியும்? வான்னு கேட்டுச்சு. கிளீனரு இல்லன்னு பாவம் பார்த்து சொல்றீங்கன்னு நெனச்சேன்."

ஏட்டு பேனாவை மூடினார். பூங்கோதை பக்கம் திரும்பினார். "சரி. இந்தப் பொண்ணைச் சொன்னியே. ரோட்டப் பார்த்துட்டு சொன்னியா?"

"ரோட்ட எதுக்குங்க பார்க்கணும்? அது வர்றேன்னுச்சு. வான்னேன். மரியாதைக்கு சொல்றதுதானே. வேற இன்னா சொல்றது?"

தேவயானி மாவுக்கட்டுக் கையை இன்னொரு கையால் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"அக்கா, நாலு வருசமா நீங்க ரோட்டப் பார்த்து சொல்றீங்கன்னுதான் நெனச்சினு இருந்தேன்."

பூங்கோதை கடலைப் பானையைப் பார்த்தார். பிறகு, "நான் கடலையப் பார்த்து சொல்லினு இருந்தேன்மா," என்றார்.

அதன் பிறகு தேவயானி மலைப்பாதையின் ஏற்பாட்டை விளக்கினார். "வர்றேன்" என்றால் என்ன, "வா" என்றால் என்ன, "இரு" என்றால் என்ன, பதில் இல்லை என்றால் என்ன. எல்லோரும் கேட்டார்கள். டீக்கடைக்காரர் தானும் நான்கு வருடமாக எத்தனை தடவை பார்க்காமல் "வாம்மா" சொல்லியிருக்கிறோம் என்று கணக்குப் போட்டார்போல, டீயை ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"ஒரு வாவுக்கு ரெண்டு பேர் வந்துகீறீங்க," என்றார் ஏட்டு. பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "சைக்கிள்ல வர்ற ஆளு வர்றேன்னு சொன்னா, பதிலுக்கு இன்னாதான் சொல்லணும்?"

கடைசியில் லியோ, "சரின்னு சொல்லலாம் ஏட்டய்யா," என்றார்.

"சரின்னா வரலாம்னு ஆயிடாதா?"

லியோ யோசித்தார். "அப்ப சும்மா இருந்துரலாம்."

"சும்மா இருந்தா நான் எறங்கித் தள்ளினு போயிருப்பேன்," என்றார் தேவயானி. "கையும் நல்லா இருந்திருக்கும்."

ஏட்டு நோட்டில் 'வா என்ற சொல்லினால் ஏற்பட்ட குழப்பம்' என்று எழுதினார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடித்துவிட்டு, 'போனில் பேசியபடி, ஹாரன் அடிக்காமல், பார்க்காமல் திருப்பியது' என்று எழுதினார். சைலஸிடம் சொன்னார்: "வா யார் வேணா சொல்லலாம். பொறந்த கொழந்தையக்கூட வான்னுதான் கூப்பிடறோம். அதுக்காக நீ வேனத் திருப்புவியா?" வேன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. சைலஸுக்கு அபராதம் போட்டார்கள். அவர் தேவயானி வீட்டுக்கு வந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டு, "வர்றேங்க," என்றார். தேவயானி பதில் சொல்லவில்லை. சைலஸ் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பதில் வராத வளைவில் இறங்கித் தள்ளுகிறவர் மாதிரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

இனி அருள் விஷயம். அருள் சைக்கிள் ஓட்டாதே என்று ஒருநாளும் சொல்லவில்லை. வளைந்த முன் சக்கரத்தைக் கழற்றி, ரிப்பேருக்கு என்று சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனார். அதோடு சரி.

"சக்கரம் இன்னாங்க ஆச்சு?" என்று தேவயானி கேட்டால், "ஸ்போக்ஸ் வரலியாம்," என்றார். அடுத்த வாரம், "ரிம் வேலூர்ல இருந்து வரணுமாம்," என்றார். நான்காவது வாரம், "கடைக்காரரு மாமியாரு செங்கத்துல செத்துட்டாங்களாம், கடை மூடி கீது," என்றார்.

அந்த மாமியார் அதற்கு முந்தைய தை மாதமும் ஒருமுறை செத்திருந்தார். ஒரு வீட்டுக்குச் சுவர் பூசப் போகாததற்கு அருள் அப்போது சொன்ன காரணம் அது. தேவயானிக்கு அது ஞாபகம் இருந்தது. ஆனால் கேட்கவில்லை. கணவர் பயந்து போயிருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு அருள் சிமெண்ட் படிந்த கையோடு ஓடி வந்ததை அவர் பார்த்திருந்தார். பயம் தேவயானிக்கும் இருந்தது. கண்ணை மூடினால் அந்த 'வா' கேட்டது. ஆனாலும் மாஸ்டர் சொன்ன ஐந்து வாரத்தில் மிச்சம் இருந்தது மூன்று நாள். அந்த வேலை போனால் மறுபடி வீட்டுக்குள்தான். பதினோரு வீட்டுக்கும் தினம் இரண்டு தடவை போய் வந்தவருக்கு அது என்னவோ போல் இருந்தது.

மாவுக்கட்டு பிரித்த அன்று மத்தியானம் அவர் நேராகச் சைக்கிள் கடைக்கு நடந்தார். கடை திறந்திருந்தது. மாமியார் கல்லாவில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். சக்கரம் ஆணியில் தொங்கியது.

"இது ரெடியாகி மூணு வாரம் ஆவுதேம்மா," என்றார் கடைக்காரர். "அருளு வந்து அப்பறம் எடுத்துக்கறேன், அப்பறம் எடுத்துக்கறேன்னே போய்ட்டாரு."

தேவயானி சக்கரத்தை வாங்கிக்கொண்டார். தூக்கிக்கொண்டு போக மணிக்கட்டு வலித்தது. அதனால் அதைத் தரையில் விட்டு உருட்டிக்கொண்டே பஜார் ரோட்டில் நடந்தார். ஆட்டோ வரிசையை ஒரு கை தூரம் தள்ளியே போனார். லியோ காலை வெளியே வைக்கப் போனவர் அவரைப் பார்த்ததும் காலை உள்ளே இழுத்துக்கொண்டு, முதலில் தலையை நீட்டிப் பார்த்தார். இது புதிது.

பக்கத்து முனைகளிலும் ஏதோ மாறியிருந்தது. டீக்கடையைத் தாண்டும்போது வழக்கமான "வாம்மா" வரவில்லை. டீக்கடைக்காரர் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

ரைஸ் மில் முனை வந்தது. மதிலை ஒட்டி லாரி நின்றது. தேவயானி நடந்துதான் வந்தார். கையில் இருந்தது ஒற்றைச் சக்கரம். ஆனாலும் வாய் பழக்கத்தில், "வர்றேன்," என்று சொல்லிவிட்டது.

"இரு."

அவ்வளவு சத்தமாக ஒரு 'இரு'வை அவர் மலையில் கூடக் கேட்டதில்லை. அப்படியே நின்றார். சக்கரம் மட்டும் கையை விட்டு ஒரு அடி உருண்டு கீழே சாய்ந்தது. லாரிக்கு அந்தப் பக்கம் பிரேக் கிரீச்சிட்டது. ஷூ கம்பெனி வேன், மத்தியான ஷிப்டுக்கு ஆள் ஏற்றப் போவது. ஸ்டியரிங்கில் சைலஸ். போன் இல்லை. அவரும் அந்த 'இரு'வைக் கேட்டு நின்றிருந்தார்.

பூங்கோதை முக்காலியில் இருந்து எழுந்து நின்றார். கையில் கடலை அளக்கும் படி. இப்போது "வா" சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சொன்னால் இரண்டு பேரும் வந்துவிடுவார்களோ என்று பயம். வேனுக்குப் பின்னால் ஒரு பால் வண்டி வந்து நின்றது. அதற்குப் பின்னால் இரண்டு பைக். ஹாரன் சத்தம் ஆரம்பித்தது.

"யக்கா, யாராவது ஒருத்தர வரச் சொல்லு," என்றார் சைலஸ் வேனுக்குள் இருந்து.

"இருடா, யோசிச்சினு கீறேன்."

கடைசியில் அவர், "தேவயானி வா. சைலஸு இரு," என்றார்.

தேவயானி சக்கரத்தை நிமிர்த்தி எடுத்தார். மதில் முனையில் தலையை நீட்டி இரண்டு பக்கமும் தானே ஒருமுறை பார்த்தார். பிறகு உருட்டிக்கொண்டு கடந்தார். பூங்கோதை அதைக் கவனித்துவிட்டார்.

"நான்தான் பார்த்துட்டேனே. என் மேல நம்பிக்கை இல்லியா?"

"இருக்குதுக்கா. ஆனா இன்னொருக்கா பார்த்துக்கறேன்."

"அதுவும் சரிதான்," என்றார் பூங்கோதை.

வீட்டுக்குப் போனதும் சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார் தேவயானி. சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அருள் சக்கரத்தைப் பார்த்தார். தேவயானியைப் பார்த்தார்.

"கடைக்காரரு மாமியாரு நல்லா கீறாங்க," என்றார் தேவயானி. "உங்கள விசாரிச்சாங்க."

அருள் கை கால் கழுவிக்கொண்டு வந்து, ஸ்பேனரை எடுத்துச் சக்கரத்தை மாட்டினார். நட்டை இறுக்கினார், திரும்பவும் இறுக்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு புது மணியை எடுத்து ஹேண்டில்பாரில் பொருத்தினார். எத்தனை நாளாக அந்தப் பையில் இருந்தது என்று தெரியவில்லை. மணியோடு வந்த அட்டை முழுக்கச் சிமெண்ட்.

"மணிச் சத்தம் அந்த முனையில கேக்காதுங்க," என்றார் தேவயானி.

"கேக்கலன்னா கேக்கல. இருக்கட்டும்."

ஐந்து வாரம் முடிந்த மறுநாள் தேவயானி வேலைக்குப் போனார். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு துணியை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது ரைஸ் மில் முனையில் பூங்கோதை பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். பெயர் தெரியாத வண்டிகளுக்கு அவரே பெயர் வைத்துவிட்டார். நெல் லாரி வந்தால் "நெல்லு இரு." பால் வண்டி வந்தால் "பாலு இரு." ஒருநாள் பாலு என்றே பெயருள்ள ஒருவர் பைக்கில் வந்தவர் நின்றுவிட்டார். அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. எல்லா வண்டியும் நிற்கிறதா என்றால் இல்லை. வெளியூர்க்காரர்கள் ஒரு கடலைக்காரர் சொல்லி நிற்பதா என்று போய்விடுகிறார்கள். சைலஸ் நிற்கிறார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர் நிற்கிறார்கள்.

போன வாரம் பூங்கோதை ஒரு கல்யாணத்துக்குச் செங்கம் போயிருந்தார். முக்காலி காலியாக இருந்தது. தேவயானி "வர்றேன்" என்றார். பதில் வரவில்லை. அவர் இறங்கி, மணியை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, தள்ளிக்கொண்டு போய் மதில் முனையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்தார். எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் தாமதம். மாஸ்டரிடம் சொன்னதற்கு அவர் துணியை வாங்கி எண்ண ஆரம்பித்தார்.

ஏட்டு கேட்டபோது எனக்குத் தெரியாத பதில் இதுதான்: முதலில் ரோட்டைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, வண்டி இல்லை என்றால் "வா" சொல்லலாம். இருந்தால் "இரு" சொல்ல வேண்டும். பார்க்க முடியவில்லை என்றால் மரியாதைக்கு என்றாலும் ஒன்றும் சொல்லாமல் இருக்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவர்கள், யார் "வா" சொன்னாலும் தாங்களும் பார்க்க வேண்டும்.

இதைப் படித்தவர்கள் வண்டி ஓட்டுகிற ஒருவருக்காவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும். ஆனால் அவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது போன் போட்டுச் சொல்ல வேண்டாம்.